லிபர்டேரியன் யாரோடு கூட்டுச் சேர்வது? வலது, இடது, தனி: ஒரு கணக்கு

1969 ஆகஸ்ட் கடைசி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ‘யங் அமெரிக்கன்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்ற வலதுசாரி இளைஞர் அமைப்பு மாநாடு கூட்டியிருந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு பற்றி விவாதம் சூடேறியபோது ஓர் இளைஞர் அரங்கிலேயே ஆள்சேர்ப்பு அட்டையைக் கொளுத்திக் காட்டினார். கைகலப்பு ஆகிவிட்டது.

அடித்துக்கொண்ட இரண்டு தரப்புக்கும் வரி குறைய வேண்டும் என்பதில் சண்டை இல்லை. கம்யூனிசம் கூடாது என்பதிலும் இல்லை. பத்தொன்பது வயதுப் பையனை அவன் சம்மதம் கேட்காமல் போர்முனைக்கு அனுப்பும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்ற ஒரே கேள்வியில் பிரிந்தார்கள். நாட்டுக்காகக் கொடுக்க வேண்டிய கடன் அது என்றது பழமைவாத அணி. அவன் உடம்பு அவனுடையது, அதன்மேல் அரசுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்றது லிபர்டேரியன் அணி. 1971 டிசம்பரில் கொலராடோவில் லிபர்டேரியன் கட்சி பிறந்தது.

அரசு சின்னதாக இருக்க வேண்டும், சந்தையிலும் படுக்கையறையிலும் அதற்கு வேலை இல்லை என்று நம்புகிற லிபர்டேரியன் எந்த நாட்டிலும் சிறுபான்மை. தனியாக ஆட்சிக்கு வர முடியாது. அப்படியானால் தாராளவாதிகளோடு நிற்பதா, பழமைவாதிகளோடு நிற்பதா, தோற்றாலும் தனியாகவே நிற்பதா? இந்த மூன்றையும் பலர் செய்து பார்த்தாயிற்று. யாருக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியுமா என்று பார்க்கலாம்.

பங்காளியும் சம்பந்தியும்

முதலில் உறவுமுறை. லிபர்டேரியனுக்குத் தாராளவாதி பங்காளி. இருவருக்கும் ஒரே தாத்தா. 1689-இல் ஜான் லாக் எழுதியது, 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதியது, 1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியது எல்லாம் இரு வீட்டிலும் பூஜை அறையில் இருக்கும். பங்காளிச் சண்டைக்கே உரிய கசப்பும் இருக்கும். தாத்தா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதுதானே சண்டை.

பாகப்பிரிவினை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நடந்தது. 1881-இல் தத்துவவாதி டி. எச். கிரீன் ஓர் உரையில் கேட்டார்: வேறு வழியே இல்லாதவன் போடும் ஒப்பந்தத்தைச் சுதந்திரமான ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது? மனிதனுக்குத் தன் திறமையை வளர்த்துக்கொள்ளும் வழி இருந்தால்தானே அது சுதந்திரம், அந்த வழியை அமைத்துக்கொடுப்பது அரசின் வேலை இல்லையா? மூன்றே ஆண்டில், 1884-இல், இன்னொரு தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் பதில் எழுதினார். நேற்றுவரை அரசின் கையைக் கட்டிப்போட்ட தாராளவாதிகள் இன்று அதே கையால் மக்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் புகார். கிரீன் வழியில் போனவர்கள் 1930-களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ என்ற அரசு நலத் திட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்பென்சர் வழியில் நின்றவர்கள்தான் பின்னால் லிபர்டேரியன் என்று அழைக்கப்பட்டார்கள்.

அந்தச் சண்டை மிகக் கூர்மையாக நடந்தது ஹார்வர்டில், ஒரே தத்துவத் துறைக்குள். ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் நன்மை தரவேண்டும் என்றார். 1974-இல் ராபர்ட் நோசிக் ஒரு கூடைப்பந்து வீரரை வைத்து மடக்கினார். எல்லாரிடமும் நீங்கள் விரும்பியபடியே நியாயமாகப் பணத்தைப் பங்கிட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு 25 சென்ட் தனியாக அவருக்கென்று உண்டியலில் போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் போட்டால் அவர் கையில் 2,50,000 டாலர். நியாயமான பங்கீடு கலைந்துவிட்டது. எந்தக் கட்டத்தில் அநியாயம் நுழைந்தது? போட்டவர்கள் விருப்பத்தோடுதானே போட்டார்கள்? பங்கீட்டைப் பழையபடி வைத்திருக்க வேண்டுமானால், சம்மதத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அரசு ஓயாமல் தலையிட்டாக வேண்டும். இந்த வாதத்துக்கு ரால்ஸ் பக்கத்தில் நல்ல பதில்கள் உண்டு. அந்த வீரர் பிறந்து வளர்ந்து மைதானம் வரை வருவதற்குப் பின்னால் இருக்கும் சமூக ஏற்பாடுகளை நோசிக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவற்றில் ஒன்று. ஆனாலும் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பழமைவாதி சம்பந்தி. ரத்த உறவு கிடையாது. கொண்டான் கொடுத்தான் உறவு. எட்மண்ட் பர்க் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதியபோது அவர் பாதுகாக்க நினைத்தது தனிமனிதனை அல்ல. செத்தவர்கள், இருப்பவர்கள், பிறக்கப்போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்த நீண்ட கூட்டுறவுதான் சமூகம் என்பது அவர் பார்வை. மரபு, மதம், குடும்பம், தேசம் எல்லாம் தனிமனிதனைவிட மூத்தவை. லிபர்டேரியனுக்கு இவை விரும்பினால் சேரலாம், வேண்டாமென்றால் வெளியேறலாம் என்ற வகை. ஆக, சோஷலிச அரசு தன் கையை நீட்டியபோது இருவரும் எதிர்த்தார்கள், ஆனால் காரணம் வேறு. சந்தைப் பொருளாதார அறிஞர் ஹயெக் 1960-இல் தன் நூலின் பின்னுரையில், தான் ஏன் பழமைவாதி இல்லை என்று தனியாகவே எழுதிவைத்தார். அந்தப் பக்கம் ரஸ்ஸல் கிர்க் லிபர்டேரியன்களைக் கீச்சிடும் சிறு கூட்டம் என்று கிண்டலடித்தார். சம்பந்திகள் கல்யாணத்துக்கு முன்பே இப்படி.

வலதோடு போனால்

அப்படியும் கல்யாணம் நடந்தது. நடத்திவைத்தவர் ஃபிராங்க் மேயர், முன்னாள் கம்யூனிஸ்ட். அறம் என்பது கட்டாயத்தில் வராது, தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால்தான் நல்லவனாக இருப்பதற்கே அர்த்தம். ஆகவே பழமைவாதிக்கும் சுதந்திரம் வேண்டும், லிபர்டேரியனுக்கும் மரபு சொல்லித்தரும் அறம் வேண்டும் என்று 1962-இல் அவர் வாதிட்டார். 1955-இல் வில்லியம் பக்லி தொடங்கிய நேஷனல் ரிவ்யூ இதழைச் சுற்றி இந்தக் கூட்டணி வளர்ந்தது. இதன் உச்சம் ரொனால்ட் ரீகன். பழமைவாதத்தின் இதயமே லிபர்டேரியனிசம்தான் என்று 1975-இல் ஒரு பேட்டியில் சொன்னவர் அவர்.

ஆட்சிக்கு வந்தபின் அவர் கொடுத்ததைப் பாருங்கள். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது. சின்ன விஷயமல்ல. அதே ஆட்சியில், மாநிலங்கள் மது அருந்தும் வயதை 21 ஆக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியை வெட்டுவோம் என்று 1984-இல் மத்திய சட்டம். 1986-இல் போதைப்பொருள் சட்டம்: 5 கிராம் கிராக் கோகெய்ன் விற்க வைத்திருந்தால் குறைந்தபட்சம் 5 ஆண்டு சிறை; தூள் கோகெய்னுக்கு அதே தண்டனை விழ 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பர்கள். சுதந்திர வணிகம் பேசிய ஆட்சி, ஜப்பானிய கார் இறக்குமதிக்கு 1981-இல் ‘தானாகவே’ கட்டுப்பாடு வைக்கச் சொல்லி ஜப்பானை வற்புறுத்தியது. அரசின் கடனும் இரண்டு ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கானது.

இதில் ஒரு முறை தெரிகிறது. பணப் பையைப் பொறுத்தவரை பழமைவாதி பாதி வாக்குறுதியை நிறைவேற்றுவார். உடம்பு, போதை, போர், போலீஸ் என்று வந்தால் அவர் தன் வழியில் போவார். லிபர்டேரியன் கூட்டணி தர்மம் என்று வாயை மூடிக்கொள்வார். பொது எதிரி இருக்கும்வரை இது சகிக்கக்கூடியதாகத் தோன்றும். 1991-இல் சோவியத் யூனியன் மறைந்ததும் கூட்டணிக்கான காரணமும் மறைந்தது. மறு ஆண்டே, 60-களில் புதிய இடதுசாரிகளோடு சேர்ந்து பார்த்த லிபர்டேரியன் சிந்தனையாளர் முர்ரே ராத்பார்ட், இறக்குமதி வரியை ஆதரித்த பழமைவாத அரசியல்வாதி பேட் புக்கானனுக்குப் பின்னால் போய் நின்றார். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவருக்கே இந்த நிலை.

அண்மைக் காலம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 2024 மே மாதம் லிபர்டேரியன் கட்சி மாநாட்டுக்கே டொனால்ட் டிரம்ப் வந்து பேசினார். கூச்சலும் கிண்டலுமாக வரவேற்றார்கள். இணையக் கள்ளச் சந்தை நடத்தி ஆயுள் சிறையில் இருந்த ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்று அங்கே சொன்னார். 2025 ஜனவரியில் பதவியேற்ற மறுநாளே மன்னிப்பு வழங்கினார். வாக்குக் காப்பாற்றப்பட்டது. ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாட்டுப் பொருட்களுக்கும் குறைந்தது 10 சதவீத இறக்குமதி வரி வந்தது. ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக ஒரு நாட்டின் வணிகம் முழுவதும். மலிவான பேரம்தான், டிரம்புக்கு.

இதற்கெல்லாம் எதிர் உதாரணமாக ஆர்ஜென்டினாவைக் காட்டுவார்கள். காட்டட்டும், அது நல்ல உதாரணம்தான். 2023 டிசம்பரில் ஹாவியர் மிலே அதிபரானபோது அமைச்சகங்கள் 18. ஒரே ஆணையில் 9 ஆக்கினார். 2023-இல் 211 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம் 2024-இல் 118-க்கு வந்தது. பட்ஜெட் உபரி கண்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் பியூனஸ் அயர்ஸில் வாடகை வீடுகள் சந்தைக்கு வந்தன. முதல் ஆறு மாதத்தில் வறுமை எகிறியதையும், ஓய்வூதியக்காரர்கள் வயிற்றில் அடி விழுந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் லிபர்டேரியன் திட்டம் ஒன்று இவ்வளவு வேகமாக நடைமுறைக்கு வந்தது வேறெங்கும் இல்லை, அதற்குப் பழமைவாத வாக்குகள் தேவைப்பட்டன. விலை? அவர் துணை அதிபராகக் கூட்டிவந்தவர் விக்டோரியா வில்லாருவெல், ராணுவக் குடும்பத்துப் பழமைவாதி. சாலை மறிப்புப் போராட்டங்களை ஒடுக்கப் பதவியேற்ற சில நாட்களிலேயே தனி போலீஸ் நெறிமுறை வந்தது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 2020-இன் சட்டத்தை மிலே வெளிப்படையாக எதிர்க்கிறார். அரசு சிறுத்தது உண்மை. சிறுத்த இடம் எது, சிறுக்காத இடம் எது என்பதைக் கூட்டாளி தீர்மானித்திருக்கிறார்.

இடதோடு போனால்

இந்தப் பக்கத்தில் கிடைத்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் நிர்ணயித்துவந்த அரசு வாரியத்தை ஒழித்தது ரீகன் என்று நினைப்பார்கள். இல்லை. 1975-இல் செனட்டில் விசாரணை நடத்தி அந்த வாரியத்தின் மானத்தை வாங்கியவர் எட்வர்ட் கென்னடி, தாராளவாதிகளின் தாராளவாதி. அவருக்கு உதவியாக இருந்தவர் பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஸ்டீபன் பிரேயர். வாரியத்தின் தலைவராகவே உட்கார்ந்து அதைக் கலைக்கப் பாடுபட்டவர் ஆல்ஃபிரட் கான். 1978-இல் கையெழுத்துப் போட்டவர் ஜிம்மி கார்ட்டர். லாரிப் போக்குவரத்துக்கும் ரயிலுக்கும் 1980-இல் அதே விடுதலை. நுகர்வோரை வஞ்சிக்கும் முதலாளிக் கூட்டு இது என்று தாராளவாதிக்குப் புரிந்துவிட்டால் அவர் சந்தையையே திறந்துவிடுவார். பெரிய கம்பெனிகளோடு உறவாடும் பழமைவாதிக்கு அந்தத் துணிச்சல் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் சட்டம் 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தபோது, லிபர்டேரியன் ஆய்வு நிறுவனமான கேட்டோ கொடுத்த வாதக் குறிப்பையும் தீர்ப்பு சுட்டியது. அதே கேட்டோவைச் சேர்ந்த பிரிங்க் லிண்ட்ஸி 2006-இல், பழமைவாதக் கூட்டணி போதும், தாராளவாதிகளோடு புது உறவு தேடுவோம் என்று எழுதினார். நல்ல யோசனை, இரண்டு பக்கமும் ஆள் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? சொத்து. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகராட்சி, தனியார் வளர்ச்சித் திட்டத்துக்காகக் குடியிருந்தவர்களின் வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. வழக்கு 2005-இல் உச்ச நீதிமன்றம் போனது. நகராட்சிக்கு ஆதரவாக 5, எதிராக 4. தாராளவாத நீதிபதிகள் நால்வரும் நகராட்சிப் பக்கம். வீடு இழந்தவர்களுக்காக எதிர்த் தீர்ப்பு எழுதியவர்கள் பழமைவாதிகள். வீடுகள் போயின, திட்டம் நடக்கவேயில்லை, நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. ஏழையின் வீட்டைப் பெரிய திட்டத்துக்காக எடுப்பதை எதிர்க்க வேண்டிய இடத்தில் பங்காளி கைவிட்டார்.

ஆனால் பங்காளியின் பக்கமே நியாயம் இருக்கும் ஓர் இடம் உண்டு, அங்கே லிபர்டேரியன் வாதம் தடுமாறுவதை நான் மறைக்க விரும்பவில்லை. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்குக் காபி கொடுக்க மறுத்தார்கள். 1964-இன் சிவில் உரிமைச் சட்டம் அப்படி மறுப்பதைத் தடைசெய்தது. கடை உரிமையாளரின் சொத்துரிமையில் அரசு கை வைக்கிறது என்று பழமைவாத செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதற்கு எதிராக வாக்களித்தார். அவர் இனவெறியர் அல்ல. தன் கொள்கைக்கு உண்மையாக இருந்தார், கொள்கைதான் அவரை அங்கே கொண்டுவந்து விட்டது. தென் மாநிலங்களில் பாகுபாட்டைக் கட்டாயமாக்கியதே அரசுச் சட்டங்கள்தான், செலவு கூடுகிறதென்று டிராம் கம்பெனிகள் சில அந்தச் சட்டங்களை எதிர்த்தன என்று லிபர்டேரியன்கள் சொல்வது வரலாற்றில் உண்மை. சட்டத்தை நீக்கியிருந்தால் போட்டி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

தமிழ் வாசகருக்கு இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா போகத் தேவையில்லை. 1950 முதல் இந்திய அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது; 15(2) கடை, உணவகம், கிணறு என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்த அரசாணையும் அதற்குப் பின் வந்ததில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் கழித்தும் கிராமத்து டீக்கடையில் சிரட்டையும் தனி டம்ளரும் இருந்தன. போட்டி அதைக் களையவில்லை. ஒரே டம்ளரில் கொடுக்கும் கடைக்காரருக்குத்தான் ஊர்க் கட்டுப்பாட்டில் வாடிக்கை போகும் அபாயம். அரசிடமிருந்து மட்டுமே அடக்குமுறை வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்ட தத்துவத்துக்கு, ஊரிலிருந்து வரும் அடக்குமுறையை அளக்க அளவுகோல் இல்லை. கிரீன் 1881-இல் கேட்ட கேள்விக்கு இங்கே ஸ்பென்சரிடம் பதில் கிடையாது.

தனியாக நின்றால்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1972-இல் முதல் முறை நின்ற லிபர்டேரியன் கட்சிக்கு வர்ஜீனியாவில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் கட்சி மாறி வாக்களித்ததால் ஒரு தேர்வாளர் வாக்கு கிடைத்தது. துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், தேர்வாளர் வாக்குப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அதற்குமேல் கொண்டாட அதிகம் இல்லை. 1980-இல் ஒரு சதவீதம் சொச்சம். டிரம்பையும் ஹிலரியையும் ஒருசேரப் பிடிக்காதவர்கள் நிறைந்திருந்த 2016-இல் கேரி ஜான்சனுக்கு 3.3 சதவீதம், அதுதான் உச்சம். 2024-இல் அரை சதவீதம்கூட இல்லை. அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கும் தேர்தல் முறையில் மூன்றாவது கட்சிக்கு இதுதான் விதி.

விகிதாச்சார முறை இருந்தால்? லிபர்டேரியனுக்குக் கொஞ்சம் கிட்டே வரக்கூடிய ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சி 1969-இலிருந்து 82 வரை இடதோடு ஆட்சி செய்தது. பிறகு வலதுக்குத் தாவியது. 2009-இல் 14.6 சதவீதம் வாங்கி மெர்க்கெலோடு அமர்ந்தது. 2013-இல் 5 சதவீத வாசலைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே. 2021-இல் இடதோடும் பசுமைக் கட்சியோடும் சேர்ந்தது. 2025-இல் மறுபடி வெளியே. வலதோடு உட்கார்ந்தாலும் அடி, இடதோடு உட்கார்ந்தாலும் அடி. இரண்டு முறையும் தன் வாக்காளரே ஏமாந்துபோய் விலகினார்கள்.

விஷயத்துக்கு விஷயம்

கட்டாய ஆள்சேர்ப்பு எப்படி முடிந்தது? அதை எதிர்த்து அட்டை கொளுத்தியவர்களால் மட்டும் முடியவில்லை. கட்சி தொடங்கியவர்களாலும் இல்லை. 1969-இல் நிக்சன் ஒரு ஆணையம் அமைத்தார். அதில் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார், ஆலன் கிரீன்ஸ்பான் இருந்தார். சாட்சி சொல்லவந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட், கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றாராம். அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவது பரவாயில்லையா என்று ஃப்ரீட்மன் திருப்பிக் கேட்டாராம். 1970-இல் ஆணையம் தன்னார்வ ராணுவத்தைப் பரிந்துரைத்தது. 1973-இல் ஆள்சேர்ப்பு நின்றது. தெருவில் இடதுசாரி மாணவர்கள், ஆணையத்தில் சந்தைப் பொருளாதார வல்லுநர்கள், கையெழுத்துப் போட ஒரு பழமைவாத அதிபர். மூன்று தரப்பும் ஒருவரோடு ஒருவர் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடக்கூட ஒப்பியிருக்க மாட்டார்கள்.

நியூசிலாந்தில் இன்னும் சிக்கனமாக நடந்தது. சந்தைச் சுதந்திரம் பேசும் ஆக்ட் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தது ஒரே ஓர் இடம், டேவிட் சீமோர். ஆட்சியில் இருந்தது அவர் எதிர்த்த தொழிற்கட்சிக் கூட்டணி. தீராத நோயில் இறுதிக் கட்டத்தில் இருப்பவர் மருத்துவர் உதவியோடு உயிர்விடும் உரிமைக்கான தனிநபர் மசோதாவை அவர் கொண்டுவந்தார். கொறடா இல்லாத மனச்சாட்சி வாக்கு. 2019 நவம்பரில் 69-க்கு 51. மறு ஆண்டு பொது வாக்கெடுப்பில் 65 சதவீதம் ஆதரவு. ஒற்றை உறுப்பினர், எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தபடி, ஆளும் கட்சிக்காரர்களின் வாக்கை வைத்து நாட்டின் சட்டத்தை மாற்றினார். அதே சீமோர் வரி, பட்ஜெட் என்று வந்தால் வலதுசாரி நேஷனல் கட்சியோடுதான் நிற்பார்.

டிரம்பின் இறக்குமதி வரிக்கு எதிராக 2025-இல் நீதிமன்றம் போனதும் ஒரு லிபர்டேரியன் சட்ட அமைப்புதான். மனுதாரர்களில் ஒன்று நியூயார்க்கின் சிறிய ஒயின் இறக்குமதி நிறுவனம். மே மாதத்தில் சர்வதேச வணிக நீதிமன்றம் அந்த வரிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் உல்பிரிக்ட் விடுதலைக்குக் கைதட்டியவர்கள் பலர் இந்த வழக்குக்கும் கைதட்டினார்கள். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஆக என் கை இந்த நான்காவது வழிக்குத்தான் நீள்கிறது. நிரந்தரக் கூட்டணி வேண்டாம். விஷயத்துக்கு ஒரு கூட்டாளி. ஆனால் வாக்குச்சாவடியில் விஷயத்துக்கு விஷயம் பிரித்து வாக்குப் போட முடியாதே? ஒரு பொத்தானைத்தான் அழுத்த முடியும். அப்போது எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

திரும்பப் பெற முடியுமா என்பதை வைத்து என்பேன். இந்த ஆண்டு கூடிய வரியை அடுத்த பட்ஜெட்டில் குறைக்கலாம். 1986-இன் சட்டத்தில் உள்ளே போனவனின் ஐந்து ஆண்டை எந்த பட்ஜெட்டும் திருப்பித் தராது. போரில் போன உயிரும், மறுக்கப்பட்ட சிகிச்சையும் அப்படியே. இந்த அளவுகோலில் பெரும்பாலும் தாராளவாதி பக்கமே தராசு சாயும். எப்போதும் அல்ல. நியூ லண்டனில் இடித்த வீடு திரும்ப வராது. பணவீக்கம் தின்றுபோட்ட கிழவியின் சேமிப்பும் வராது. 211 சதவீதத்தில் தவித்த ஆர்ஜென்டினாக்காரர் மிலேக்கு வாக்களித்ததை இந்த அளவுகோலை வைத்தே நியாயப்படுத்தலாம். இன்னொரு வலுவான ஆட்சேபமும் உண்டு: வரியைக் குறைக்கலாம், ஆனால் அதில் உருவான துறையும் அலுவலகமும் மானியமும் கலைவதில்லை என்பார்கள். சரிதான். ஆனால் அமெரிக்க விமான வாரியம் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டும் கலைந்தது.

நம் ஊரில் நடந்த சோதனை

இந்தியாவில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1959-இல் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. காங்கிரஸ் அந்த ஆண்டு நாக்பூரில் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டதுதான் உடனடிக் காரணம். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1952-இல் சென்னை மாநில முதல்வராக உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து எடுத்தவர் அவர். ஆனால் அவரை லிபர்டேரியன் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரும் அவரே. 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டு, குலக்கல்வி என்று எதிர்ப்பு வெடித்து, பதவியை விட்டவரும் அவரே. நெல் மூட்டை மாவட்ட எல்லை தாண்டுவதை அரசு தடுக்கக் கூடாது. கள் கலயத்தை அரசு தடுக்க வேண்டும். பர்க்குக்கு இவரை நன்றாகப் புரிந்திருக்கும்.

அந்தக் கட்சி மூன்று வழியையும் முயன்றது. தனியாகவும் சிற்றரசர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டும் 1962-இல் மக்களவையில் 18 இடம். 1967-இல் 44. தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் ராஜாஜி கைகோத்தது தி.மு.க.வோடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று மேடைதோறும் சொன்ன கட்சி, குலக்கல்வியை முன்னின்று எதிர்த்த கட்சி. கொள்கையில் ஒரு புள்ளியும் ஒட்டாது. காங்கிரஸை இறக்க வேண்டும் என்ற ஒரே விஷயத்தில் ஒட்டியது. சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம் வந்தது. 1971-இல் கொள்கை நெருக்கம், தேசியக் கண்ணோட்டம் என்று காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸோடு சேர்ந்தார். இரு கட்சியும் தமிழ்நாட்டில் நொறுங்கின. மக்களவையில் கட்சி 8 இடத்துக்குச் சுருங்கியது. அதே ஆண்டு தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

அதே கட்சியில் இன்னொருவர் இருந்தார். மினு மசானி, பம்பாய் பார்சி. 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். சோவியத் அனுபவத்தைப் பார்த்து மனம் மாறி, சுதந்திராவின் பொதுச் செயலாளரும் பிறகு தலைவரும் ஆனார். மது, மதம், குடும்பம் பற்றி ராஜாஜிக்கு இருந்த பிடிப்பு எதுவும் அவருக்கு இல்லை. கட்சியின் 21 கொள்கைகளில் கடைசி, அவற்றுக்கு வெளியே உள்ள எதிலும் உறுப்பினர் தன் விருப்பப்படி நினைக்கலாம், பேசலாம் என்று விட்டிருந்ததால்தான் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடிந்தது. கட்சி இல்லாமல் போன பிறகு மசானி வேறொரு கட்சி தேடி அலையவில்லை. 1981-இல் பம்பாயில், கண்ணியமாக இறக்கும் உரிமைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். ஒரே ஒரு கோரிக்கை. அவர் 1998-இல் இறந்தார். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் உயிர்காக்கும் கருவியை மறுத்து முன்கூட்டியே எழுதிவைக்கும் உயில் செல்லும் என்றது. வழக்குத் தொடுத்தது ஒரு பொதுநல அமைப்பு. அரசியல் கட்சி எதுவும் அல்ல.